மாட்டுத்தடத்து வேப்பிலை

பங்குனி பிறந்துவிட்டால் பாபநாசத்து அடிவாரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பாதை தொறந்திருக்கா?" என்பதுதான். சாப்பிட்டாச்சா, சௌக்கியமா எல்லாம் அதற்கு அப்புறம். மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆறும் ஓடுகிற இடத்தில்தான் ஓடுகிறது. ஆனால் நடுவில் வெள்ளையடித்த கல்லை நட்டு, கல்லுக்கு அந்தப் பக்கமெல்லாம் ரிசர்வுக் காடு என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு விறகுக்குப் போகிறவன், மாடு மேய்க்கிறவன், தேனெடுக்கிறவன் எல்லாரும் தினமும் காலையில் பாதையை விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

மேலே போக மூன்று வழி. கோயிலுக்குப் பின்னால் ஏறுகிற படிப்பாதை ஒன்று, ஆற்றை ஒட்டியே போகிற கரைப்பாதை ஒன்று, மேற்கே சுற்றிக்கொண்டு ஏறுகிற மாட்டுத்தடம் ஒன்று. இதில் எது என்றைக்குத் திறந்திருக்கும், எது என்றைக்கு அடைத்திருக்கும் என்பது கடவுளுக்கும் காட்டுக் கார்டுக்கும்தான் தெரியும். கார்டுக்கும் சில நாள் தெரியாது. தீப்பிடிக்கும் காலம் என்று அடைப்பார்கள். பெரிய துரை வேட்டைக்கு வருகிறார் என்று அடைப்பார்கள். தமுக்கு அடித்து ஊருக்குச் சொல்வதும் உண்டு, ஆனால் சந்தை கலைந்து நாய்கள் மட்டும் திரிகிற நேரத்தில்தான் அடிப்பார்கள். பலகையில் எழுதியும் வைத்தார்கள். எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் எவன் விறகு வெட்டப் போனான்?

மணியாச்சியில் கலெக்டரைச் சுட்ட மறுவருஷம் நடந்தது இது. கல்லிடைக்குறிச்சியில் காசிலிங்கம் என்று ஒருவர். அக்கிரகாரத்து வயலில் வாரத்துக்கு உழுகிறவர். அவர் பெண்சாதி இசக்கியம்மா, அவர்களுக்கு ஒரே மகள் சுடலைவடிவு. அவளைப் பூதத்தான் என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பையன், ஆனால் உழைப்பாளி. மலைமேல் மூங்கில் வெட்டக் குத்தகைக்கு விட்ட காட்டில் அவனுக்கு வேலை. அதைக் கூப்பு என்பார்கள். வெட்டுகிற ஆட்கள் அங்கேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். புருஷன் வேகாத சோற்றைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான் என்று சுடலைவடிவும் மேலே போய்விட்டாள். அங்கேதான் அவளுக்குக் கர்ப்பம் தங்கியது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். பிறந்த வீட்டார் சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டுக் கூட்டி வர வேண்டும். ஏழாம் மாதம் தையில் வந்தது. வீட்டில் குதிர் காலி. "பிசான அறுப்பு முடியட்டும், நெல்லு வீட்டுக்கு வந்த பொறவு நாலு பேரு மெச்ச செய்வோம்" என்று காசிலிங்கம் சொன்னார். எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை இடம் மாற்றக்கூடாது. ஆக ஒன்பதாம் மாதம், பங்குனி என்று முடிவாயிற்று. இசக்கியம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. அறுப்பு வயலில் குனிந்து நிமிரும்போதெல்லாம் மேற்கே மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அவர் சொன்னதும் நியாயம்தான், வெறுங்கையோடு போய் மகளைக் கூட்டி வர எந்தத் தாய்க்கு மனசு வரும்?

பங்குனி முதல் வாரத்தில் ஒருநாள் விடியுமுன் கிளம்பினார்கள். புதுநெல் குத்திய அரிசியில் புளியோதரை, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு என்று வகை வகையாக ஓலைப்பெட்டியில் கட்டி, நல்லெண்ணெய் மணக்க மணக்க இசக்கியம்மா தலையில் வைத்துக்கொண்டாள். பச்சை வளையலும் ஒரு நூல்சேலையும் மடியில் இருந்தன. காசிலிங்கம் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டார். வெயில் ஏறுமுன் பாபநாசம் போய்ச் சேர்ந்தார்கள்.

போனதும் விசாரணைதான். படித்துறையில் துணி அடித்துக்கொண்டிருந்தவளைக் கேட்டாள் இசக்கியம்மா, படிப்பாதை அடைத்தாயிற்று என்றாள் அவள். பூக்கட்டுகிறவரைக் கேட்டாள். அவர், கரைப்பாதையில் நேற்று ஒரு சாமியாரைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார். வழியில் தென்பட்ட ஒருவரையும் அவள் விடவில்லை. அவள் கேட்கக் கூச்சப்படுகிற ஆளே இல்லை, வழி கேட்க வெட்கப்பட்டவன் ஊர் போய்ச் சேரமாட்டான் என்பாள். கடைசியில் பலசரக்குக் கடை தாவூதைப் போய்க் கேட்டார்கள். கூப்புக்கும் துரைமார் கூடாரத்துக்கும் சாமான் கொடுக்கிறவர் அவர்தான்.

"கரைப்பாதையில தொரைமாரு கூடாரம் அடிச்சிருக்காவ. தொரை மீன் பிடிக்காரு, தொரைசானி படம் எழுதுகா. அங்கன ஈ காக்கா போவ முடியாது" என்றார் தாவூது. "மாட்டுத்தடம் தொறந்துதான் கெடக்கு. நேத்து கூப்பு ஆளுவ எங்கிட்ட சாமான் வாங்கிட்டு அதுலதான் ஏறிப் போனாவ. பிள்ளையைக் கூட்டிட்டு பைய எறங்குங்க. அவசரப்படுத்தாதிய."

பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று அவர் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார். இசக்கியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளை என்னென்ன கேட்க வேண்டும், என்னென்ன திட்ட வேண்டும் என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

மாட்டுத்தடம் தொடங்குகிற இடத்தில் இரண்டு மருதமரம் உண்டு. அந்த இரண்டுக்கும் குறுக்கே கயிறு கட்டி, கயிறு நிறைய வேப்பங்குழை தொங்கியது. நடுவில் மஞ்சள் தோய்த்த ஒரு துணி.

இசக்கியம்மா அப்படியே நின்றாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் விழுந்து கும்பிட்டாள். எங்கள் பக்கம் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டினால் உள்ளே அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். யார் மேலோ முத்துப் போட்டிருக்கிறாள், அம்மை கண்டிருக்கிறது. வெளியாள் உள்ளே போகக்கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. எண்ணெய் மணமும் தாளித்த மணமும் அவளுக்கு ஆகாது. இந்தத் தடம் போய்ச் சேருகிற இடம் கூப்பு ஒன்றுதான்.

காசிலிங்கம் அரிசி மூட்டையை இறக்கி வைத்தார். பிறகு, கீழே போய்க் கார்டிடமாவது தாவூதிடமாவது ஒருதரம் கேட்டுப் பார்ப்போமா என்றார். அவள் வாயைப் பொத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

"தாயி இருக்காளா இல்லையான்னு யாருட்டயும் கேக்கப்படாது. அவ காதுல விழும்" என்றாள் மெதுவாக. "வயித்துப்பிள்ளைக்காரி உள்ள இருக்கா. நாம ஒண்ணு பேசி, அது எம்பிள்ள மேல போயி விடியவா?"

அத்தனை பேரிடமும் வழி கேட்டு வந்தவள் அந்த இடத்தில் கேள்வியை நிறுத்திவிட்டாள். அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மனைப் பற்றி விசாரிப்பது குற்றம் என்று அவளுக்கு அவள் தாய் சொல்லியிருந்தாள், தாய்க்கு அவள் தாய். நானே அங்கே நின்றிருந்தாலும் திரும்பித்தான் போயிருப்பேன்.

மகளுக்கென்று கட்டிய சோற்றை ஆற்று மீனுக்குப் போட்டார்கள். நல்லெண்ணெய் மணக்கிற பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்கள். காசிலிங்கம் களத்து வேலை பாக்கி இருக்கிறதென்று ஊருக்குத் திரும்பினார். இசக்கியம்மா திரும்பவில்லை. அக்கரையில் ஆளில்லாத ஒரு மண்டபத்தில் தங்கிக்கொண்டாள். உப்பில்லாத கேப்பைக்கூழ்தான் ஆகாரம். தலைக்கு எண்ணெய் கிடையாது, பாய் கிடையாது. ஈரத்துணியோடு இரண்டு வேளையும் ஆற்றில் முங்கி எழுந்து, மகள் மேல் கை வைக்காதே தாயே, வைத்தாலும் பூப்போல வைத்து இறங்கிவிடு என்று மேற்கே பார்த்துக் கும்பிட்டாள். கடைவீதிப் பக்கமே போகவில்லை. விரதத்தில் இருக்கிறவள் நாலுபேர் அடுப்பு மணம் படும் இடத்துக்குப் போகக்கூடாது.

தினமும் காலையில் மருதமரத்தடிக்குப் போய்த் தோரணத்தைப் பார்ப்பாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டுவிட்டால் குழையை அவிழ்த்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். கட்டின குழை வாடிச் சருகாகிவிட்டால் இறங்குகிற நேரம் நெருங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் அது வாட வாட யாரோ புதுக்குழை கட்டிக்கொண்டே இருந்தார்கள். மஞ்சள் துணிகூடப் புதுசாகிவிட்டது. இவ்வளவு பக்தியாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூப்பில் இருக்கிறார்கள், என் மகளையும் பார்த்துக்கொள்வார்கள் என்று அதிலும் அவளுக்கு ஒரு ஆறுதல். கூழ்மாவு கொண்டுவந்த காசிலிங்கத்திடம் அதைச் சொல்லவும் செய்தாள். அவர் மகள் பேச்சை எடுத்தாலே தலையைக் குனிந்துகொண்டார். தையிலேயே வந்திருக்கலாம் என்பதை அவள் ஒருதரம்கூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காசிலிங்கம் இரண்டாம் தடவை மாவு கொண்டுவந்த அன்று காலை இருவரும் மருதமரத்தடியில் நின்றிருந்தபோது, மேலேயிருந்து தடத்தில் ஒரு ஆள் இறங்கி வந்தான். மருமகன் பூதத்தான். தலைமுடி எண்ணெய் காணாமல் பறந்தது, கண் உள்ளே போயிருந்தது. தோரணத்துக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்தான்.

இசக்கியம்மா பின்னால் நகர்ந்தாள்.

"அங்கனயே நில்லுங்க மாப்ள. தாயி உங்க கூடவே வாராளோ என்னமோ. தள்ளி நின்னே சொல்லுங்க" என்றாள். "எத்தனை பேரு மேல எறங்கியிருக்கா?"

"யாரு எறங்கினா?"

அவள் தாடையால் தோரணத்தைக் காட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அதைக் கவனித்துப் பார்க்கிறான் போலிருந்தது.

"கூப்புல யாருக்கும் ஒண்ணுமில்ல அத்தை. ஒரு காய்ச்ச தலைவலி கூட கெடையாது."

இசக்கியம்மா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, காப்பாத்தினியே தாயே என்று கும்பிட்டாள். "அப்பம் எம்பிள்ள நல்லாருக்காளா?" என்று கேட்டாள்.

பூதத்தான் தடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். காசிலிங்கத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மாவுப் பையைக் கீழே வைத்தார்.

நாள் கணக்குக்கு முன்னாலேயே வலி வந்திருக்கிறது. கூப்பில் இருந்த இரண்டு மூன்று பெண்களும் பிள்ளை பெறாதவர்கள். மலைவாசிக் காணிக்காரக் கிழவி ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவதற்குள் ஒரு பொழுது போய்விட்டது. அவள் பச்சிலை கொடுத்துப் பார்த்தாள், வயிற்றைத் தடவிப் பார்த்தாள், பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று சொல்லிக் கையை விரித்துவிட்டாள். துரைமார் இறங்கும்வரை ஒருவரும் கீழே போகக்கூடாது, போனால் திரும்ப ஏற்றமாட்டார்கள் என்று கூப்பு மேஸ்திரி சொல்லியிருந்தார். அதோடு, தாய்வீட்டார் வந்து கூட்டிப் போக வேண்டிய பெண்ணைப் புருஷனே கொண்டுபோய் விட்டால், கட்டினவன் தள்ளிவிட்டான் என்று ஊர் பேசும் என்று சுடலைவடிவே தடுத்திருக்கிறாள். இதையெல்லாம் பூதத்தான் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எங்கம்மா வராம இருக்க மாட்டா, வழியிலதான் வந்துக்கிட்டிருப்பான்னு கடைசி மட்டும் சொல்லிக்கிட்டே கெடந்தா அத்தை. நீங்க வார தடத்தைப் பாக்கணும்னு பாயைத் திருப்பிப் போடச் சொன்னா" என்றான். "முந்தாநாளு ரெண்டு உசிரையும் ஒரே குழியில வச்சோம். நீங்க ஏன் வரல?"

அவள் ஏன் வரவில்லை என்பதற்கு அந்த இடத்தில் ஒரே ஒரு பதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அம்மன் இல்லை என்றால் இதைக் கட்டியது யார்?

கட்டியவனைக் கண்டுபிடிக்கத் தேட வேண்டியதே இல்லை. தாவூது கடையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். காட்டுக் கார்டு பரமசிவன். நல்லவன் என்றுதான் பெயர் அவனுக்கு, மற்றக் கார்டுகளைப்போல யாரையும் பிரம்பால் அடித்ததில்லை. காசிலிங்கம் கேட்டதும், விஷயம் தெரியாமல் முதலில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"நாந்தான் கட்டினேன். எதிர்ச் சரிவுல மாடும் மனுசருமாப் போய்க்கிட்டே இருந்தா படம் எழுத முடியலன்னு தொரைசானி சொல்லிட்டா. அன்னைக்கு உச்சிக்கு முன்னாடி உத்தரவு வந்துட்டு, மாட்டுத்தடத்தையும் அடைன்னு. பலகை வச்சா புடுங்கி அடுப்புல வைக்கிய. ஆளை நிறுத்தினா சண்டைக்கு வாரிய. வேப்பங்கொளையைக் கட்டினேன், ஒரு குஞ்சு தாண்டல. யாரையும் அடிக்காம வையாம காரியம் முடிஞ்சுதுல்லா."

பூதத்தான் எழுந்து அவன் மேல் பாய்ந்தான். தாவூதும் காசிலிங்கமும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். காசிலிங்கம் நடந்ததைத் தாவூதுக்கும் பரமசிவனுக்கும் சொன்னார். அன்றைக்குத் தடம் திறந்திருக்கிறது என்று அனுப்பியவர் தாவூது. இவர்கள் அப்போதே மேலே போய் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு பக்கம் இறங்கிவிட்டதாக நினைத்திருந்தார். கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரமசிவன் மோரைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்கும் இரண்டு பெண் குழந்தைகள் உண்டு.

"ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பேனே யக்கா" என்றான்.

"கேக்க முடியாததுன்னு தெரிஞ்சுதானய்யா அதைக் கட்டினீரு" என்றாள் இசக்கியம்மா.

அவள் அதுவரை அழவில்லை. மேலே போய் மகளை வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். உத்தரவு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கிறது என்பதைச் சொல்லப் பரமசிவன் வாயைத் திறந்தான், தாவூது பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். நானே கூட வருகிறேன், யாரும் மறிக்கமாட்டார்கள் என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மருதமரத்தடியில் இசக்கியம்மாவின் கை தானாகத் தோரணத்தைப் பார்த்துக் குவிந்தது. பாதியில் அவளுக்கே நினைவு வந்தது. கையைப் பிரித்துக் கீழே போட்டாள். அந்தக் கையை அவளுக்குப் பிடிக்கவில்லை, புடவையில் தேய்த்துக்கொண்டாள். குனியாமலே உள்ளே போனாள். குழை அவள் தலையிலும் தோளிலும் உரசியது.

தடம் ஆற்றுக்கு மேலாக வளைந்து போகிற இடத்தில் ஒரு அகலப் பாறை இருக்கிறது. அங்கே நின்றால் கீழே அருவியும் அதன் ஓரத்தில் வெள்ளைக் கூடாரங்களும் தெரியும். துரைசானி குடை நிழலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே சட்டத்தில் துணி மாட்டியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் அவள் எழுந்து கையை ஆட்டினாள். பரமசிவனுக்கு வேர்த்துவிட்டது. நேசையா என்ற பாளையங்கோட்டைக்காரர்தான் கூடாரத்துச் சமையல்காரர். அவர் துரைசானி சொன்னதைக் கேட்டுக்கொண்டு பாதி தூரம் ஓடி வந்து, பரமசிவனைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

பரமசிவன் திரும்பி வந்து சொல்லவும் முடியாமல் சொல்லாமலும் இருக்க முடியாமல் நின்றான்.

"யக்கா, தப்பா நெனைக்காதிய. தொரைசானி கோவிச்சுக்கிடல. படம் முடிஞ்சிட்டாம். ஆனா ஒரு ஆளும் இல்லாம வெறிச்சுன்னு கெடக்காம். தலையில பெட்டியோட நீங்க அந்தப் பாறையில சித்த நேரம் நின்னியன்னா அதையும் எழுதிக்கிடுவாளாம்."

பெட்டி இருந்தது, ஓலைப்பெட்டி. வழக்கத்தில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே வளையலும் சேலையும் தவிர ஒன்றும் இல்லை.

இசக்கியம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அவனை ஐயா என்றே சொல்லி வந்தவள், இப்போது "வே" போட்டுப் பேசினாள்.

"ஆளே வரப்படாதுன்னுதானவே இத்தன நாளும் அடைச்சு வச்சிய?" என்றாள். "வரவேண்டிய ஆளும் வரல, பெறவேண்டிய ஆளும் பெறல. இனி ஆளு எதுக்குவே உங்களுக்கு?"

நிற்காமல் ஏறினாள். காசிலிங்கம் அவளுக்குப் பின்னால் போனார், பூதத்தான் முன்னால் போனான். வளைவில் மூன்று பேரும் மறைந்துவிட்டார்கள்.

கீழே துரைசானி இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பரமசிவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தடம் முழுக்க ஒரு ஆள் இல்லை, அவன்தான் இல்லாமல் ஆக்கியிருந்தான். தொப்பியைக் கழற்றினான். காக்கிச் சட்டையைக் கழற்றிப் புதருக்குப் பின்னால் வைத்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, விறகுக்கு வந்தவன் மாதிரி தோளில் ஒரு கட்டையைச் சாய்த்துக்கொண்டு பாறையில் போய் நின்றான். துரைசானி சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

வெகுநேரம் நின்றான். மேலே கூப்புப் பக்கத்திலிருந்து ஒரு பொம்பளை அலறுகிற சத்தம் வந்தது. அருவி இரைச்சலில் அது கூடாரம்வரைக்கும் எட்டவில்லை, பாறையில் நின்றவனுக்குக் கேட்டது. அசைந்தால் படம் கெட்டுப்போகும் என்று நேசையா சொல்லியிருந்ததால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.